மதுரன் அனுப்பாத கடிதம்

பிரேமினி பிறந்தது பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பா சோலைமலைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா முகம் அவளுக்கு நினைவில்லை. உயர்தரப் பரீட்சையில் கணக்கு கைவிட்டதும் சோலைமலை ஒரே வார்த்தைதான் சொன்னார்: "மலைக்குக் கொழுந்தெடுக்க மட்டும் போகாத புள்ள. வேற என்னாச்சும் பாரு."

அட்டனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. பழைய மெஷின்கள், ஒன்றுக்கு இரண்டு பேர். அவளோடு ஒரே மெஷினில் உட்கார்ந்தவன் வட்டவளையைச் சேர்ந்த மதுரன். ஒரு நாள் அவர்கள் திரையில் சின்னப் பந்து ஒன்று தோன்றி, விளிம்புக்கு விளிம்பு முட்டித் துள்ளத் தொடங்கியது. தட்டியதெல்லாம் பந்து பட்ட இடத்தில் கலைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க," என்றார் வாத்தியார். "இதுதான் வைரஸ். யாரோட ஃப்ளொப்பியிலயோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. இது வெளையாடுற ஜாதி. எல்லாம் இப்பிடியே இருக்காது."

மதுரன் கெட்டிக்காரன். வகுப்பு முடிந்த கையோடு மாமன் ஒருவர் மூலம் துபாய்க்குப் போய், ஒரு கப்பல் கம்பெனியில் எழுத்தர் ஆனான். பிரேமினிக்கு அட்டனிலேயே அழகுமுத்துவின் ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. முன்பக்கம் வெளிநாட்டுக்கு டெலிபோன் பேசும் கூண்டு, பின்பக்கம் படம் பிடிக்கும் அறை, நடுவில் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும். பழைய படங்களைச் சுத்தம் பண்ணிப் பெரிதாக்கிக் கொடுப்பதில் அவளுக்குக் கை ஓடியது. கரையான் அரித்த முகங்களுக்குக் கன்னம் கொடுத்தாள். மஞ்சள் பூத்த கலியாணங்களை வெளுப்பாக்கினாள். தோட்டத்து ஜனங்கள் தேடி வந்தார்கள்.

மதுரன் வாரத்துக்கு ஒரு தடவை கடை விலாசத்துக்கு ஈமெயில் எழுதுவான். வெயிலைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, கூட இருக்கிற மலையாளிகளைப் பற்றி. கடைசியில் 'கவனமாக இருங்கள்' என்று முடிப்பான். அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. அந்த இரண்டு வார்த்தைகளை அவள் பொகவந்தலாவை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு புரட்டிப் பார்த்துக்கொண்டே வீடு போவாள். அதில் இருப்பதும் இல்லாததும் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

இரண்டாயிரமாம் ஆண்டு சித்திரை வருஷப்பிறப்பு கழிந்து காளியாயி கடைக்கு வந்தாள். சோலைமலை வேலை செய்யும் தோட்டத்திலேயே கொழுந்து எடுப்பவள். அவள் புருஷன் பழனியாண்டியைப் போன வருஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் குளவி கொட்டிக் கொன்றுவிட்டது. மாரியம்மன் தேருக்கு எடுத்த கூட்டுப் படம் ஒன்றில் மட்டும்தான் அவர் இருந்தார், பின்வரிசையில், தலைப்பாகையோடு. லயத்துக் கூரை ஒழுகி, படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது.

"வர்ற சனிக்கிழம தெவசம். அவரு மொகத்த மட்டும் தனியா எடுத்துக் குடுப்பியா கண்ணு? மாலை போட ஒண்ணுமில்ல," என்றாள் காளியாயி.

பிரேமினி கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் பண்ணினாள். பிறகு, இன்னும் தெளிவாக வரட்டும் என்று படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கப் பார்த்தாள். ஈரத்தில் ஊறின தாள் கையோடு வந்தது. முகங்கள் கண்ணாடியிலேயே சாயமாகத் தங்கிவிட்டன. அவள் பதறிப் போனாள்.

"பயப்படாத," என்றார் அழகுமுத்து. "அதுதான் மெஷின்ல ஏத்தியாச்சே."

காளியாயியிடமும் அப்படியே சொன்னாள். "படம் உள்ள பத்திரமா இருக்கும்மா." காளியாயி கம்ப்யூட்டரைப் பார்த்து, கோயிலில் செய்வது போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வேலை நன்றாக வந்தது. கூட்டத்திலிருந்து பழனியாண்டி மெல்ல மெல்லப் பிரிந்து வந்தார். இடுக்கின கண், லேசாகக் கோணின மீசை. படம் பெரியது, ஃப்ளொப்பியில் அடங்காது; அதனால் வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. பிரின்ட் எடுக்கும் நல்ல தாள் கண்டியிலிருந்து வர வேண்டியிருந்தது, வெள்ளிக்கிழமை வருமென்றார்கள்.

வியாழக்கிழமை, மதிய மழைக்கு முன்னால், மெயில் பார்த்தாள். மதுரனிடமிருந்து ஒன்று வந்திருந்தது. தலைப்பில் இருந்ததை இரண்டு தடவை படித்தாள். ஐ லவ் யூ. உள்ளே ஒரே ஒரு ஆங்கில வரி: என்னிடமிருந்து வரும் காதல் கடிதத்தைத் திறந்து பாருங்கள். கீழே கடிதம் இணைத்திருந்தது.

அழகுமுத்து முன்பக்கம் யாருக்கோ நம்பர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தமிழிலேயே எழுதுகிறவன் இதை மட்டும் ஏன் இங்கிலீஷில் எழுதினான் என்று ஒரு கணம் தோன்றியது. கூச்சமாக இருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். திறந்தாள்.

கடிதம் எதுவும் வரவில்லை. மெஷின் மட்டும் உள்ளுக்குள் கரகரவென்று ஓடிற்று. இன்னொரு தடவை அமுக்கினாள். டெலிபோன் அடித்தது. கண்டித் தாள் வியாபாரி.

"என்னங்க அழகுமுத்து, ஒங்க கடையிலருந்து எனக்குக் காதல் கடிதாசி வந்திருக்கு?"

அழகுமுத்து சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் அப்போது பழனியாண்டியின் படத்தைத் திறந்துகொண்டிருந்தாள். படம் வரவில்லை. புரியாத ஆங்கில எழுத்துகள் வந்தன. அடுத்ததைத் திறந்தாள். அதே எழுத்துகள். கலியாணங்கள், காதுகுத்து, பெரிய பிள்ளையான பெண்கள், இறந்தவர்கள், எல்லாவற்றின் பெயரும் அப்படியே இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

மாலையில் மதுரன் டெலிபோனில் வந்தான்.

"பிரேமினி, என் பேர்ல ஒரு மெயில் வந்திருந்தா தொறந்துராதீங்க. அது நான் அனுப்பல."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"வேர்ம்னு சொல்றாங்க, புழு. வைரஸ் யாராச்சும் தூக்கிட்டுப் போனாத்தான் பரவும். இது தானாவே போகும். ஒரு மெஷினுக்குள்ள பூந்ததும் அதுல இருக்கிற அட்ரஸெல்லாம் பொறுக்கி எல்லாருக்கும் அனுப்பிரும். எங்க மேனேஜருக்கே நான் அனுப்பினதா போயிருக்கு," என்று சொல்லிச் சிரித்தான். "நீங்க தொறக்கலியே?"

"இல்லீங்க," என்றாள்.

போனை வைத்த பிறகு கூண்டுக்குள்ளேயே நின்றாள். அவன் குரலில் கூச்சம் இல்லை, மறைப்பு இல்லை. மேனேஜரும் அவளும் அவனுக்கு ஒரே பட்டியலில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. அழகுமுத்து அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காளியாயி வேலை முடிந்து, கொழுந்துக்கறை படிந்த விரலோடு வந்தாள். பிரேமினி எல்லாவற்றையும் சொன்னாள். கடிதத்தின் தலைப்பை மட்டும் சொல்லவில்லை. ஒரு கெட்ட கடிதம் வந்தது, தெரியாமல் திறந்துவிட்டேன், அது படங்களையெல்லாம் தின்றுவிட்டது என்றாள்.

காளியாயி ஸ்கேனரைக் கை காட்டினாள்.

"அப்ப இன்னொரு தடவ அந்த வெளிச்சத்துல வச்சு எடுத்துரு சாமி. நான் இருக்கேன்."

"எடுக்குறதுக்குப் படம் இல்லம்மா. அத நான் பிரிக்கப் போயித்தானே..."

"உள்ள பத்திரமா இருக்குன்னியே."

பிரேமினி அந்தக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். காளியாயி அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சாயத்தில் தலைப்பாகை மாதிரி ஒன்று தெரிந்தது. அது அவருடையதா, பக்கத்து ஆளுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை தெவசத்துக்கு பிரேமினி போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. படம் வைக்க வேண்டிய இடத்தில் பழனியாண்டியின் கறுப்புக் கோட்டை மடித்து வைத்து, அதன்மேல் கவ்வாத்துக் கத்தியை வைத்து மாலை போட்டிருந்தார்கள். வந்தவர்கள் கத்தியைக் கும்பிட்டார்கள். காளியாயி அவளைக் கண்டதும் எழுந்து வந்து இலை போட்டாள். பக்கத்திலேயே நின்று, "வடை வச்சுக்க," என்றாள். பிரேமினி தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் படங்களைத் தொடவில்லை. மெஷின்களைக் காப்பாற்றும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். எங்கெங்கோ தேடிப் படித்தாள். இலவசப் பாட்டுப் பெட்டி என்று சொல்லி உள்ளே நுழைந்து கதவைத் திறந்துவிடுகிற ட்ரோஜன் எது, தட்டும் எழுத்தை ஒளிந்திருந்து பார்த்துப் பாஸ்வேர்டைக் களவெடுப்பது எது என்று முகம் பார்த்தே சொல்லுமளவுக்கு வந்தாள். பென் டிரைவ் காலம் வந்து, ஒவ்வொரு குச்சியும் வியாதி சுமந்து வந்தபோது, நுவரெலியாவிலிருந்துகூட மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாதிதான் பிழைக்கும். பிழைக்காததை உடையவர்களிடம் சொல்லும் வேலையை அவள் அழகுமுத்துவிடம் விட்டதில்லை. தானே உட்கார வைத்து, தேத்தண்ணி வரவழைத்துச் சொல்வாள். உள்ளே பத்திரமாக இருக்கும் என்று யாரிடமும் சொல்ல மாட்டாள்.

மதுரனின் கடிதங்கள் குறைந்து, மாதத்துக்கு ஒன்றாயின. ஒரு தைமாதம் அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இரண்டு வரி, கீழே ஏதோ இணைத்திருந்தது. அவள் திறக்கவில்லை. கூண்டுக்குள் போய்த் துபாய்க்கு நம்பர் போட்டாள்.

"மதுரன், ஒரு மெயில் வந்திருக்கு. நீங்கதான் அனுப்பினீங்களா?"

"ஆமா பிரேமினி, நான்தான். தாராளமா தொறந்து பாருங்க. நீங்க கட்டாயம் வரணும்."

கலியாணப் பத்திரிகை. பெண் அவனுடைய அத்தை மகள்.

வட்டவளைக்கு ரயிலில் போனாள். மண்டபத்தில் கூட்டம். மதுரன் மாலையும் கழுத்துமாக இறங்கி வந்து, மணப்பெண்ணிடம், "இவங்கதான் நான் சொன்ன பிரேமினி. கம்ப்யூட்டர்ல என்ன நோய் வந்தாலும் தீத்துருவாங்க," என்றான். அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சின்ன முகம், நல்ல பெண்ணாகத் தெரிந்தாள். பிரேமினி இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மழை விடக் காத்திராமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள். மறுநாள் நேரத்தோடு கடை திறக்க வேண்டியிருந்தது.