கீரிப்பாறை வழியில் அறாமல் நின்ற வலை

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவச் சபைக்காரர்கள். பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

மகாராஜா காலம், எனக்கு இருபது வயது. கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் போடக் காடு வெட்டினார்கள், எனக்கும் அண்ணன் ஞானமுத்துவுக்கும் அங்கே வேலை. மழை விட்டால் போதும், மரத்துக்கு மரம் சிலந்தி வலை கட்டியிருக்கும். எட்டுக்காலி மிளகு அளவுதான், வலையோ வண்டிச்சக்கரம் அளவு, ஊர்ப்பக்கம் அந்த ஜாதியைக் கண்டதே இல்லை. முன்னால் போகிறவன் ஒரு கம்பை முகத்துக்கு நேரே பிடித்து அறுத்துக்கொண்டே போகவேண்டும். எப்போதும் நான்தான் முன்னால். அன்று முகமெல்லாம் ஒட்டுகிறது என்று சிணுங்கினேன்.

"பெரிய கல்யாண மாப்பிள்ள மூஞ்சி! தள்ளுலே, நான் போறேன்" என்று அண்ணன் கம்பைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பத்தடிதான் இடைவெளி. வளைவில் அவன் திரும்பினான், பின்னாலேயே நானும் திரும்பினேன், ஆள் இல்லை. வழிக்குக் குறுக்கே ஒரு இழைகூட அறாமல் வலை நின்றது, அதில் சருகும் தூசியும் வேறு, பல நாள் பழையது. இரண்டு பக்கமும் முள்மூங்கில், பூனைகூட நுழையாது.

"அண்ணே!"

"இங்கதாம்லே நிக்கேன்" என்றான், வலைக்கு அந்தப் பக்கமிருந்து, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். அங்கே வெறும் வழிதான் தெரிந்தது.

பயத்தில் வெட்டுகத்தியை ஓங்கி வீசினேன். "அறுக்காதலே, அறுக்காத" என்று அவன் கெஞ்சுவது கேட்டது, ஆனால் வீசிய கையை நிறுத்த என்னால் முடியவில்லை. வலை அறுந்தது, குரலும் பாதியில் நின்றது. முன்னும் பின்னும் ஓடினேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன், கடைசியில் அந்தச் சகதியிலேயே உட்கார்ந்து அழுதேன், வேறென்ன செய்ய?

நாலு நாள் தேடினோம். காட்டை அறிந்த காணிக்காரர்கள் வந்து, வளைவுவரை இரண்டு பேர் தடம், அப்புறம் என் ஒருவனின் தடம்தான் என்றார்கள். புலி எடுத்துவிட்டது என்று ஊர் பேசி முடித்தது, சவப்பெட்டியில்லாமலே ஜெபம் நடந்தது.

அண்ணன் மனைவி, என் மதினி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பாள்: "அவிய கடைசியா என்னமாது சொன்னாவளா மக்கா?" ஒன்றும் சொல்லவில்லை என்றே சாதித்தேன். எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் அவள் சாகக் கிடந்தாள். பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"அவிய அறுக்காதன்னு சொல்லியும் நீ எதுக்கு மக்கா அறுத்த?"

அந்த வார்த்தையை அதுவரை நான் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.