ஆள்காட்டி குஞ்சு பொரிக்கும்வரை

என்னை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் அறுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் என் வயலில் மாட்டுத் தீவனப்புல் அறுபட்டுக் காய்ந்துகொண்டிருக்கும். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வருடமும் முதல் ஆளாக டிராக்டரைக் கிளப்பினேன். மாட்டுக்கொட்டகையிலிருந்து மனைவி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"ஏங்க, வயல்ல ஆள்காட்டி அடைகாக்குது. குஞ்சு பொரிச்சு ஓடட்டும், அப்புறம் அறுங்க."

"வண்டிச் சத்தம் கேட்டா பறந்துடும்."

"அது பறந்துடும். முட்டை எப்படிப் பறக்கும்?"

பதில் தெரியாத கேள்விக்கு நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

ஓரமாக ஒரு சுற்று அறுத்துவிட்டு உள்ளே திரும்பியதும் ஆள்காட்டி வீச்சென்று கத்திக்கொண்டு பாய்ந்தது. விரட்டலாமென்று இறங்கிக் கையை ஓங்கினேன். மறுபடி பாய்ந்தது. தொப்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மல்லாந்து கிடந்தபடி தலையைத் திருப்பினால், புல் முளைக்காத திட்டில், முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, மண் நிறத்தில் முட்டைகள்.

மனம் இளகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். உண்மையில், கோழியில் பாதிகூட இல்லாத பறவையிடம் இன்னொரு முறை அடிவாங்கத் தெம்பில்லை. வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

அக்கம்பக்கத்து வயல்களெல்லாம் மொட்டையாகின. அடுத்த வயல்காரன் என் மச்சான், மனைவியின் அண்ணன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான்.

"என்ன மாப்ள, எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் விழலையா?"

"பறவைகிட்ட பர்மிஷன் கேட்டிருக்கேன் மச்சான்."

குஞ்சுகள் வெளியே வந்தன. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி. தாய் கத்தினால் புல்லுக்குள் அப்படியே பதுங்கிவிடும். அதனால் அவை நன்றாக ஓடப் பழகும்வரை பொறுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அறுத்தேன். மனைவி குச்சியால் புல்லை விலக்கிக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் பின்னால் ஊர்ந்தேன்.

"தங்கச்சி நடந்தே முந்திட்டா மாப்ள!" என்று வேலிப்பக்கமிருந்து குரல் வந்தது.

குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தாயின் பின்னால் ஓடி ஓரப்புதருக்குள் மறைந்தன. கடைசிக் குஞ்சும் மறையும்வரை வண்டியை நிறுத்திவைத்தேன். இன்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் புல் முற்றிப்போயிருந்தது, தண்டெல்லாம் விறகுக்குச்சி. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மனைவி இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் முன்னாடியே அறுத்திருக்கக் கூடாதா?"

பொடியாக நறுக்கிப் போட்ட பிறகுதான் மாடுகள் வாய்வைத்தன. அந்த வருடம் முழுக்க நறுக்கியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.