காங்கோ நாயுடு

திருப்புளியின் நுனியை ஓடுகிற பம்பின் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கோவிந்தராஜுலு கண்ணை மூடிவிட்டார் என்றால், கிணற்று மேட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. காக்கை கரைந்தாலும் முறைப்பார். கிணத்துக்கடவு ஆறுச்சாமிக் கவுண்டர் தோட்டத்தில் அன்று கால் மணி நேரம் அப்படி நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, "அம்மணிக்கு ஒண்ணுமில்லீங்க. சளி புடிச்சிருக்குது. கிரீஸ் வெச்சாச் செரியாப் போயிருமுங்க" என்றார். அவருக்கு எல்லாப் பம்பும் அம்மணிதான். ஆயில் எஞ்சின் மட்டும் மாப்பிள்ளை. முறுக்கி விட்டால்தான் கிளம்புமாம்.

வயது நாற்பத்தாறு. ஒல்லி உடம்பு. இடது காதில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி. பம்பைப் பிரிக்கும்போது ஒவ்வொரு நட்டையும் கழற்றிய வரிசையிலேயே துண்டின் மேல் அடுக்குவார். அந்தத் துண்டை யாராவது தாண்டிப்போனால் வேலையை நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு திரும்பி வரச் சொல்லுவார். பண்ணையக்காரர் ஆனாலும் சரி, பஞ்சாலை முதலாளி ஆனாலும் சரி, சுற்றித்தான் வர வேண்டும்.

பீளமேட்டிலிருந்து பொள்ளாச்சி வரை அவரைச் சொந்தப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்கமாட்டார். காங்கோ நாயுடு என்று கேட்க வேண்டும். "ஏனுங்க நாயுடு, காங்கோக்காரனுக்குப் பத்தே நாள்ல ஓட்டிக் குடுத்தீங்களாமா, எங்களை மட்டும் மாசக்கணக்கா இழுத்தடிக்கறீங்களே" என்று ஆறுச்சாமிக் கவுண்டர் சீண்டுவார். "அவிய சொன்ன பேச்சுக் கேட்டாங்கொ" என்று பதில் வரும்.

விஷயம் இதுதான். காங்கோவுக்கு விடுதலை கிடைத்த கையோடு, அதுவரை ஆண்ட வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். இயந்திரம் தெரிந்த கைகளும் அவர்களோடு போய்விட்டன. பல இடங்களில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஐக்கிய நாடுகள் சபை அங்கே பட்டாளத்தை அனுப்பியதோடு நிற்கவில்லை. டாக்டர், வாத்தியார், ஃபிட்டர் என்று ஊர் ஊராக ஆள் தேடியது. அறுபத்திரண்டாம் வருஷம் அந்தத் தேடல் பீளமேட்டுக்கும் வந்தது. இவர் வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி திருமலைசாமி யோசிக்காமல் இவர் பெயரைக் கொடுத்துவிட்டார். "கடல் தாண்டிப் போயி சண்டை தீத்துட்டு வந்தாருங்க. என்ற ஊட்டு வாசக்கதவுத் தாப்பாளைச் செரிபண்ணத்தான் இன்னும் நேரம் வரலை" என்கிறார் மனைவி ராமாமணி. சொல்லும்போது முகத்தில் இருக்கிற பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை.

காங்கோவில் கசாய் பக்கம் ஒரு சிற்றூரில்தான் இவரை இறக்கிவிட்டார்கள். மேட்டுத்தெருவில் ஒரு குடி, ஆற்றங்கரையில் வேறொரு குடி. நடுவில் கிணறும் பம்ப் அறையும். இரண்டு வருஷமாகப் பம்பு ஓடவில்லை. இரு பக்கத்தாரும் தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டன. பத்தாம் நாள் லாரி வந்து இவரை அடுத்த ஊருக்கு அழைத்துப் போய்விடும். அதற்குள் தண்ணீர் வர வேண்டும்.

பம்ப் அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்ததாம். எஞ்சினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் நாசில் இல்லை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில், ஏறிய தண்ணீரைத் திரும்ப வழியவிடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வு இல்லை. இரண்டையும் மரை கெடாமல், பதமாகக் கழற்றியிருந்தார்கள். விசாரித்தால், நாசில் மேட்டுத்தெருப் பெரியவர் கபோங்கோ வீட்டில். ஃபுட் வால்வு ஆற்றங்கரைப் பெரியவர் இலுங்கா வீட்டில். எனக்கு இல்லாத தண்ணீர் உனக்கும் வேண்டாம் என்கிற கணக்கு.

"நம்மூருப் பங்காளிக பண்றதேதானுங்க. என்ற பெரியப்பன் பையன் மூணு வருசம் பங்குக் கெணத்து ஃபியூஸ் கட்டையை மடியிலயே கட்டிட்டுத் திரிஞ்சான்" என்கிறார். அங்கேயும் இதையே சொல்லியிருக்கிறார். அப்போது கூட இருந்த பெலிக்ஸ் என்கிற பள்ளிக்கூட வாத்தியார்தான் இவருடைய பட்டறை இங்கிலீஷை அந்த ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொன்னவர். அவர் பதறிப்போய், "இவர்கள் அண்ணன் தம்பி இல்லை ஐயா, ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தியவர்கள்" என்றாராம். "பங்காளின்னா அதையுந்தான் செய்வாங்க" என்று இவர் சொல்லிவிட்டார். மறுநாள் எரிந்த வீடுகளை நேரில் பார்த்தார். அதன் பிறகு அந்த வார்த்தையை அவர் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

கூட வந்த மேலதிகாரி சுவீடன் நாட்டுக்காரர். லாரியிலிருந்து ஓர் உதிரிப்பாகப் பெட்டியும் இறங்கியிருந்தது. அதில் புது நாசிலும் இருந்தது, புது ஃபுட் வால்வும் இருந்தது. மாட்டிவிட்டு வேலையை முடி என்றார் அவர். நாயுடு மாட்டேன் என்றார். "புதுசு போட்டா ஓடுமுங்க. நம்ம லாரி அக்கட்ட போனதும் அதையும் கழட்டிட்டுப் போயிருவாங்க. பழசு அவிய கையால திரும்பி வரோணும்." அதுவரைக்கும் பீப்பாயில் தண்ணீர் காய்ச்சி இரண்டு பக்கத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அது யார் நாக்குக்குப் பத்தும்?

ஆறாம் நாள் ஆற்றங்கரையில் ஒரு பெண் குழந்தையைப் புதைத்தார்கள். அன்று மத்தியானம் அவர் பெட்டியைத் திறந்தார். "நாசிலைக் கையில எடுத்துப்போட்டனுங்க. மாட்டறது அரை மணி நேர வேலை. அப்பறம் உள்ளயே வெச்சு மூடிப்போட்டேன். வெச்சது செரியா தப்பான்னு இன்னிக்கும் தெரியலீங்க." ஆனால் பெட்டியை மூடிய கையோடு சும்மா உட்காரவில்லை. பெலிக்ஸை இழுத்துக்கொண்டு இரண்டு பெரியவர்கள் வீட்டுக்கும் போய், நாளைக் காலையில் பம்ப் அறைக்கு வந்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஊரே கூடியது, இரண்டு கூட்டமாக. நாயுடு கேட்ட முதல் கேள்வி, "உங்கள்ல மூத்தவங்க யாருங்க?"

அவ்வளவுதான். உச்சி வெயில் வரைக்கும் அதுதான் வழக்கு. எங்கள் பாட்டன் இந்த ஆற்றை முதலில் கடந்தான் என்றார் கபோங்கோ. எங்கள் பாட்டன் கடந்தபோது உங்கள் பாட்டன் பிறக்கவே இல்லை என்றார் இலுங்கா. கடைசியில் கபோங்கோ ஏழு தலைமுறையின் பெயரை மூச்சு விடாமல் ஒப்பித்தார். இலுங்காவுக்கு ஐந்துக்கு மேல் வரவில்லை. மூத்தவனாகவே இருந்துகொள் என்று காறித் துப்பினார். மேட்டுத்தெரு ஆட்கள் கொண்டாடினார்கள்.

"அப்பச் செரிங்க. மூத்தவரு கூறு போடுங்க. எளையவரு மொதல்ல எடுத்துக்கட்டும்" என்றார் நாயுடு.

கொங்குச் சீமையில் கிணறோ காடோ பங்கு பிரிக்கிற முறை அது. அண்ணன் கூறு போடுவார். எந்தக் கூறு வேண்டும் என்று தம்பிதான் முதலில் எடுப்பார். அதனால் அண்ணன் ஒரு கூறைக் கொழுக்க வைக்க முடியாது, வைத்தால் அது தம்பிக்குப் போய்விடும். இது அங்கே யாருக்கும் தெரியாது என்பதுதான் நாயுடுவுக்குத் தெரியாமல் போயிற்று. "வேணும்னு மறைக்கலீங்க. நம்மூர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியுமில்லீங்களா, அங்கயும் தெரியும்னு நெனச்சுப்போட்டேன்." பெலிக்ஸ் அதை விளக்கிச் சொன்னதும் கபோங்கோவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே என்கிறார். மூத்தவன் இல்லை என்று இனிமேல் எப்படிச் சொல்வது, ஏழு தலைமுறையைச் சாட்சிக்கு இழுத்த பிறகு? ஆற்றங்கரைக் கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி சிரித்தாள். பிறகு மேட்டுத்தெருக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

தண்ணீர் முறை வாரத்துக்கு ஏழு காலை, ஏழு மாலை; முறைக்கு ஒன்றாகப் பதினாலு மக்காச்சோள மணியைக் கபோங்கோவிடம் கொடுத்தார்கள். கபோங்கோ தரையில் இரண்டு வரிசையாக வைத்தார். மாற்றினார். சந்தை நாள் காலையை இங்கே வைத்தார், பிறகு அங்கே வைத்தார். ஒரு மணியை நகர்த்த வியர்த்துப்போயிற்று மனுஷனுக்கு. நிழல் சாய்கிற வரைக்கும் நகர்த்திவிட்டுக் கையை உதறி எழுந்தார். இலுங்கா குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எதை எடுப்பது என்று தெரியாமல் விழித்தார். அப்போதே தண்ணீர் வந்த மாதிரி ஆகிவிட்டது என்கிறார் நாயுடு.

மறுநாள் விடிந்ததும் நாசிலும் ஃபுட் வால்வும் வாழையிலையில் சுற்றி வந்து சேர்ந்தன. இரண்டு வருஷத் துருவைச் சுரண்டி மாட்டியதில் ஒன்பதாம் நாள் பம்பு ஓடியது. உதிரிப்பாகப் பெட்டி ஒரு சாமான் குறையாமல் லாரியில் ஏறியது. சுவீடன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்ததை நாயுடு அபூர்வமாகத்தான் சொல்வார். கூறு போட்ட கதையைத்தான் கேட்காதவர்களுக்கும் சொல்வார். "போனது நானு மட்டுமில்லீங்க, நம்மூரு முறையும் போச்சு" என்று சொல்லும்போது நெஞ்சு நிமிரும். நிமிரட்டுமே. கோயமுத்தூர்ப் பம்பு ஊர் ஊராகப் போவது எல்லோருக்கும் தெரிந்த பெருமை. கோயமுத்தூர் நியாயம் அத்தனை தூரம் போய் இரண்டு குடிக்குத் தண்ணீர் ஊற்றியது அதற்கும் மேலே என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த அறுபத்துநாலாம் வருஷம் அவருக்குத் தூக்கம் குறைந்துபோயிற்று. காங்கோவில் மறுபடி சண்டை என்று பேப்பரில் வருகிறது. காலையில் டீக்கடைக்குப் போனதும் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். பெரிய ஊர்களின் பெயர் இருக்கும். அவருடைய சிற்றூரின் பெயர் இருக்காது. "ஓடுதோ என்னவோங்க" என்று மடித்து வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது இதைச் சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

போன மாதம் பட்டறைக்கு ஒரு கடிதம் வந்தது. பெலிக்ஸ் எழுதியது. இங்கிலீஷ் பேசுவாரே தவிர எழுத வராது, முழுக்கப் பிரெஞ்சில். அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துத் தேவாலயத்திலிருக்கும் பிரெஞ்சுச் சாமியாரிடம் ஓடினார். சாமியார் வரிவரியாகத் தமிழில் சொன்னார். துப்பாக்கிக்காரர்கள் ஊர் எல்லை வரை வந்தார்கள். இரண்டு பக்கத்தாரும் சோளமணி முறையிலேயே ஆள் போட்டுப் பம்ப் அறையைக் காவல் காத்தார்கள். காலைத் தண்ணீர் யாருக்கோ அவர்கள் காலையில் காவல், மாலைத் தண்ணீர் யாருக்கோ அவர்கள் மாலையில் காவல். பம்பு ஓடுகிறது. ஆனால் தண்டு சுழலும் புஷ் தேய்ந்து சத்தம் போடுகிறது, அனுப்ப முடியுமா?

"ஓடுதுங்களா" என்று சாமியாரிடம் மூன்று தரம் கேட்டாராம். மூன்றாம் தரம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாளே வெண்கல வார்ப்பை லேத்தில் ஏற்றி, தண்டின் அளவை நினைவிலிருந்தே எடுத்து, இரண்டு புஷ் கடைந்தார். திருமலைசாமி, "பார்சல் கட்டி விலாசம் எழுதப் பசங்ககிட்டச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். "வேண்டாமுங்க. நானே எழுதிக்கறேன்" என்றார் நாயுடு.

மரப்பெட்டியின் மூடியில் ஊர்ப் பெயரையும் பெலிக்ஸின் பள்ளிக்கூடத்தையும் மட்டும் எழுதினார். பெரியவர்கள் பெயரை அதில் ஏற்றவில்லை; ஏற்றினால் ஒருவர் மேலே வர வேண்டும், ஒருவர் கீழே வர வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தில் கறுப்பு பெயின்டால் கபோங்கோ என்று இங்கிலீஷில் எழுதினார். திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் இலுங்கா என்று எழுதினார். பிறகு மேஜையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து இரண்டு பெயரையும் அளந்தார். இலுங்காவில் ஓரெழுத்துக் குறைவு. அதே நீளத்துக்கு இழுத்ததில் எழுத்துகள் கபோங்கோவின் எழுத்துகளைவிட அரை நூல் பெருத்திருந்தன. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்தப் பெயரை முழுக்கத் துடைத்துவிட்டு, ஸ்கேலை வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார்.