பன்னிரண்டு ராத்தல் குறைகிறது

ராயபுரத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ராசையா, தன் மகள் சிவந்தியை வாரம் ஒருமுறை கிடங்குத் தராசில் உட்கார வைத்தார். மூட்டை நிறுக்கும் அதே தராசு. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். முள் நின்றதும் புடவைக்கென்று இரண்டு ராத்தல் தள்ளுவார். அரிசிக்குச் சாக்குக் கழிவு தள்ளுகிற பழக்கம். பத்தொன்பது வயதுப் பெண் தலையை நிமிர்த்தவே மாட்டாள். அந்த மனிதருக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். திருவொற்றியூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த தங்கபுஷ்பம் தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்து, பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. இருபது ராத்தல் எறங்கட்டும், தையில வச்சுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே ராசையா கம்பவுண்டர் தவசிமுத்துவைப் பிடித்தார். அவன் ஓர் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து அட்டவணை எழுதிக் கொடுத்தான். சாப்பாடு உள்ளே கொண்டுவருவதும் வேலை வெளியே எடுப்பதும் கலோரி என்ற ஒரே அளவில் இருந்தன. வரவைவிடச் செலவு மூவாயிரத்து ஐந்நூறு கூடினால் ஒரு ராத்தல், புத்தகத்தின்படி ஒரு பவுண்டு, இறங்கும். ராசையாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. வரவு, செலவு, இருப்பு. முப்பது வருஷமாக இதைத்தானே செய்கிறார்!

மாவாட்டுவது அட்டவணையில் இல்லை. மூட்டை தூக்குவது இருந்தது, மணிக்கு நானூறு. ரெண்டும் ஒன்றுதான் என்று, சிவந்தி ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்த மூன்று மணி நேரத்துக்கும் அதையே போட்டார். அவள் கை ஓய்ந்து இருந்த நேரமும் அதில் சேர்ந்தது. வீடு கூட்டுவதற்கு மண் வெட்டுகிற கணக்கு. சாப்பாட்டை ஆயிரத்து இருநூறில் நிறுத்தினால் நாளொன்றுக்கு அரை ராத்தல் குறையும் என்று முடித்தார்.

காலையில் இரண்டு தோசை, மத்தியானம் அளந்து போட்ட சோறு, ராத்திரி கஞ்சி. சிவந்தி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். பசித்தது. ஆனால் ஒரு துண்டு வெல்லம்கூடக் கேட்காமல் எடுத்தறியாதவள். அந்தப் பேர் ஒன்றுதான் அந்த வீட்டில் அவளுடைய சொத்து.

நாற்பதாம் நாள் இருபது ராத்தல் இறங்கியிருக்க வேண்டும். எட்டுதான் இறங்கியிருந்தது.

மண்டியில் இருப்பு குறைந்தால் எலி தின்றதற்கும் ஈரம் காய்ந்ததற்கும் இவ்வளவு என்று விட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஆளைத் தேடுவார்கள். ராசையாவுக்கு வேறு யோசனை தெரியாது. தராசு சரி, கணக்குத் தாள் சரி. அப்படியானால் மகள் திருடுகிறாள்.

"ஏட்டி, பன்னெண்டு ராத்தல் எங்கட்டி?"

"நான் எதையும் தொடலய்யா."

தாய் இசக்கியம்மாள் மகளின் பாயை உதறினாள், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்து, கொல்லைப்புறம் மீன் கொண்டுவந்த குப்பம்மா மாட்டினாள். இவள்தான் மகளுக்கு வறுத்த மீன் கடத்துகிறாள் என்று ராசையா பாய்ந்தார்.

"இன்னா நைனா பேசிக்கினு கீற? அந்தப் பொண்ணு நிக்க முடியாம செவுத்தப் புட்ச்சிக்கினு கீது. நா எதுக்கு உன் வூட்ல திருட்டுத்தனம் பண்றேன்?"

ராசையா கூடையை எட்டி உதைத்தார். மீனெல்லாம் சாக்கடையில் விழுந்தது. "இனி இந்தத் தெருவுல மீன் கூடை தூக்குனா போலீசுல புடிச்சுக் குடுத்துருவேன்."

சிவந்திக்குப் பொறுக்கவில்லை. கணக்கில் அவள் தகப்பனைவிடச் சூட்டிகை. நாற்பது நாளில் பன்னிரண்டு ராத்தல் என்றால் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐம்பது கலோரி. அட்டவணையில் ஒரு தோசை நூற்றைம்பது.

"அவள விட்டுருங்கய்யா. நான்தான் எடுத்தேன். தெனமும் ஏழு தோசை."

ராசையா பென்சிலை எடுத்துப் பெருக்கினார், வகுத்தார். துண்டு விழாமல் பன்னிரண்டு வந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே! நிஜமான களவு இத்தனை கச்சிதமாக உட்காராது என்று அவருக்குத் தோன்றவில்லை. தினம் ஏழு தோசைக்கு மாவு எங்கே குறைந்தது என்று இசக்கியம்மாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அடித்தார்.

வண்டு விழுந்த மூட்டையை அதைச் சொல்லித்தான் விற்பது என்பது ராசையாவின் கடை வழக்கம். தங்கபுஷ்பத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "களவாத் திங்குற கை. அடுக்களையப் பூட்டி வச்சுக்கிடுங்க."

மிச்சமும் பட்டினியில் இறங்கி, தையில் கல்யாணம் நடந்தது. ஆசீர்வாதம் பண்ண வந்த தவசிமுத்துவிடம் ராசையா தன் தாளைப் பெருமையாக நீட்டினார். அவன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, இது ஆறடி ஆம்பள மூட்ட தூக்குற கணக்கு. மாவாட்டுறதுக்கு இதுல மூணுல ஒரு பங்கு வந்தாலே சாஸ்தி. பொண்ணு எட்டு ராத்தல் எறங்குனதுதான் சரி."

மாலையோடு பக்கத்தில் நின்ற சிவந்தி தகப்பனையே பார்த்தாள். ராசையா தாளை நான்காக மடித்தார்.

"சம்பந்தியம்மாட்ட சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா கடைப் பேரு கெட்டுப்போவும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பந்தி விசாரிக்கப் போனார்.

அடுக்களைச் சாவி தங்கபுஷ்பத்தின் இடுப்பில் இருபத்திரண்டு வருஷம் தொங்கியது. மசக்கையில் ஒரு துண்டு ஊறுகாய் வேண்டுமென்றாலும் சிவந்தி மாமியாரைக் கூப்பிட்டு, கதவோரம் நிற்க வேண்டும். மாமியார் செத்த அன்று, குளிப்பாட்டக் கிடத்தியபோது சாவியை அவிழ்த்தார்கள். சிவந்தி கையை நீட்டினாள். அவள் பெற்ற மூத்த மகள் அதை வாங்கி, சிறுவயதிலிருந்து பார்த்த பழக்கத்தில், தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.