படத்தில் தெரிந்த முதுகு

எங்கள் பட்டினச்சேரியில், கடலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டோம். கேட்டால் ஆகாது. அதற்காக இருப்புக் கொள்ளுமா? துடைத்த வீட்டையே துடைப்பேன், கழுவிய பானையையே கழுவுவேன்.

அன்று காலை செய்தி வந்தது. எங்கள் வீட்டுக்காரர் போன விசைப்படகை எல்லையில் இலங்கைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அது எங்களுக்குப் புதிதில்லை. ஜெயில், வாய்தா எல்லாம் தெருவுக்கே மனப்பாடம். புதிது அடுத்த வார்த்தைதான். படகைத் திருப்பிய வேகத்தில் ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டாராம். யாரென்று தெரியவில்லை.

மதியம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அக்கரையில் நம் ஆட்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள், முகத்தைக் காணோம், எல்லாம் முதுகு. பாழாய்ப்போன சட்டை வேறு! மாசிமகத்தில், எங்கள் குலத்தில் பெண்ணெடுத்த பெருமாளை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டு வரவேற்க ஊரே சேர்ந்து அடித்த மஞ்சள் டீ-ஷர்ட். திருவிழா முடிந்தால் எங்கள் ஆண்கள் அதைத்தான் தொழிலுக்குப் போடுவார்கள்.

காதையும் கழுத்தையும் வைத்து அவரவர் வீட்டார் அடையாளம் சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது ஓரத்து முதுகு ஒன்றுதான்.

“அது எங்க வீட்டுக்காரரு” என்றேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனும் அதே படகில்தான் போயிருந்தார். அவள் போனைப் பிடுங்கினாள். “கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? எங்க ஆளுடி அது!”

“என் புருஷன் முதுகு எனக்குத் தெரியாதாக்கா?”

பிடிபட்டது என் புருஷன்தான், உன் புருஷன் இல்லை என்று நடுத்தெருவில் கத்திக்கொண்டோம். தோற்றவளுக்கு என்ன மிஞ்சும் என்று இருவருக்கும் தெரியும். அவள் கண்ணை நான் பார்க்கவில்லை.

சாயங்காலம், வேறொரு படகு ஒருவரைத் தூக்கி வருவதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். ஒரே இரைச்சல். ஆள் யார், உயிர் இருக்கிறதா, ஒன்றும் விளங்கவில்லை. துறைமுகத்துக்கு ஓடினோம். வழியெல்லாம் அக்கா என் கையை விடவில்லை.

இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, படகிலிருந்து என் வீட்டுக்காரர் இறங்கினார். அடப்பாவி மனுஷா! கட்டிக்கொள்ளத்தான் ஓடினேன், கை அவர் நெஞ்சில் அடி அடியென்று அடித்தது. உப்பு பொரிந்த உதட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம்தான் அக்காவின் நினைப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் மணலில் உட்கார்ந்து, போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க ஆளு ஜெயில்லதான்டி இருக்காரு!” என்று துறைமுகமே கேட்கக் கத்தினாள், அத்தனை சந்தோஷமாக.