நாலு பிள்ளையில் ஒன்றுக்குச் சோறு இல்லை

காரின் புகைக் குழாய்க்குப் பின்னால் குந்தி, வெளியே வரும் காற்றில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார் பியாட்ரிஸ் அக்கா. “ஒண்ணு, ரெண்டு, மூணு...” நான்காவதற்கு உதட்டைப் பிதுக்கினார். “தம்பி, ஒங்க இஞ்சினுக்கு நாலு சிலிண்டர், நாலு பிள்ளைங்க. ஒண்ணுக்குச் சோறு போகல.”

சிம்பாங் ரெங்கம் என்ற சிற்றூரில், செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பும் சாலையில் இருக்கிறது அக்காவின் பட்டறை. கார்களின் மின்கோளாறு பார்ப்பது தொழில். அதற்கு முன் குளுவாங் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடம் வயர் சோதித்தவர். வேலை தொடங்குமுன் கழுத்துச் சிலுவையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். “கரண்டுக்கு மாதாவும் தெரியாது, மாரியாத்தாவும் தெரியாது லா.” ‘மாற்றிவிடலாம்’ என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. “மாத்துறது கடைக்காரன் வேலை. கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை.” கோப்பியில் பிஸ்கட்டை முக்குவார், அந்த நேரம் பார்த்து இஞ்சின் சத்தம் மாறினால் போதும், பிஸ்கட் கரைந்து உள்ளே விழுந்ததுகூடத் தெரியாது.

எதிரே நின்ற ரூபேந்திரனின் கார் முப்பது வயது தாண்டிய, இரண்டு கதவு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். எட்டு வருடம், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் உழைத்து வாங்கியது. மூன்று மாதமாகக் காலையில் இருமுகிறது, குலுங்குகிறது. மூன்று பட்டறைகளில் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. போன வாரம் நெடுஞ்சாலையில், கொட்டும் மழையில், நடுத் தடத்தில் நின்றே விட்டது. பின்னால் லாரி ஹாரன். உள்ளே ஆறு மாத வயிற்றோடு மனைவி பிரேமலா. “அந்த லாரி நம்ம மேல ஏறியிருந்தா?” என்று அவள் கேட்டாள்.

இன்று பன்னிரண்டு மணிக்கு பெக்கோக் ஊரிலிருந்து காரை வாங்க ஆள் வருகிறது. அதற்குள் கோளாறு பிடிபடாவிட்டால் விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அதை நம்பாமல் பிரேமலாவும் தன் காரில் பின்னாலேயே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பத்து நிமிடத்தில் இஞ்சின் தானாகவே ஒழுங்காக ஓட ஆரம்பித்தது.

“பாத்தீங்களாக்கா, போற எடத்துல எல்லாம் இப்படித்தான் ஏமாத்துது!” ரூபேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவின் முகமோ மலர்ந்தது.

“ஏமாத்தல தம்பி. வர்ற வழியில மழையில நனைஞ்சது இப்ப சூட்டுல காஞ்சிருச்சு. நனைஞ்சா கெடுது, காஞ்சா சரியாவுது. அப்ப சீக்கு உள்ள இல்ல, வெளிய.”

துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்தார். ஓடும் இஞ்சினின் மேல் கறுப்புத் தார்ப்பாயை இழுத்து, தன் தலையையும் ரூபேந்திரன் தலையையும் சேர்த்து மூடினார். பட்டப்பகலில் கும்மிருட்டு. உஸ், உஸ் என்று இரண்டு தெளிப்பு.

வயர்களுக்கு நடுவே நீல நெருப்பு எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது. இஞ்சின் உடனே இருமியது.

“அம்மாடியோவ்!” ரூபேந்திரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று பட்டறைக்காரர்களுக்கு மூன்று மாதம் கண்ணாமூச்சி காட்டியதை இந்த அம்மாள் இரண்டு தெளிப்புத் தண்ணீரில் வெளியே வரவழைத்துவிட்டாரே! காலில் விழலாம் போலிருந்தது.

இஞ்சினை அணைத்துவிட்டு, நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்குவைக்கும் கறுப்பு மூடியைக் கழற்றினார் அக்கா. முன்பு பார்த்தவர்கள் எல்லாரும் அதன் உள்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். அக்கா வெளிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

“சந்தனம். மேல குங்குமம், விபூதி. நனைஞ்சா இது வழியா கரண்டு வெளிய ஓடிருது, ஒரு பிள்ளைக்குச் சோறு போய்ச் சேரல. ஆயுத பூஜைக்கு இதுல பொட்டு வெச்சது யாரு?”

ரூபேந்திரன் வாய்விட்டுச் சிரிக்கப் போனான். அதற்குள் பிரேமலாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துவிட்டான்.

“நான்தாங்க்கா. இதுதான் காரோட நெஞ்சுன்னு இவருதான் காட்டுனாரு. நல்லா ஓடணும்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்.” அவள் குரல் உடைந்தது. “நடுரோட்டுல நின்னது என்னாலயா?”

ரூபேந்திரன் அவள் பக்கத்தில் போய் நின்றான். இந்தக் காரை அவள் வெறுக்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

அக்கா ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். மூடியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காற்றடித்துக் காயவைத்து, மாட்டினார். மறுபடி தார்ப்பாய், மறுபடி தண்ணீர். இந்த முறை பிரேமலாவின் தலையும் உள்ளே இருந்தது. வெறும் இருட்டு. இஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

வெளியே வந்ததும் ரூபேந்திரனின் கைப்பேசி அடித்தது. பெக்கோக்காரர். அவன் மனைவியைப் பார்த்தான்.

“வர வேணாம்னு சொல்லுங்க,” என்றாள் பிரேமலா. சொல்லிவிட்டும் தலை நிமிரவில்லை.

“கைப்பையில குங்குமம் இருக்காம்மா?” என்றார் அக்கா. பிரேமலா தயங்கியபடி சிமிழை எடுத்தாள். அக்கா தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளுடைய மோதிர விரலைப் பிடித்துக் குங்குமத்தில் தொட்டு, கரண்டு எட்டாத காற்று வடிகட்டிப் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினார்.