அத்தானின் காரும் அக்கா மகள் கல்யாணமும்

என் அக்காவின் கணவருக்கு அறிவில்லை என்று சொல்ல மாட்டேன். ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். அந்த அறிவை எங்கே காட்டக் கூடாதோ அங்கேதான் காட்டுவார்.

சைனிக்புரியில் இருக்கும் தன் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய அமெரிக்க கார் வைத்திருந்தார். நீண்ட மூக்கு, ராட்சத இன்ஜின். கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு ஆக்ஸில் இணைத்திருந்தது. அதைப் பட்டை ஸ்பிரிங் தாங்கியது. பிறந்த நாளிலிருந்து ஒழுங்காக ஓடிய வண்டி. அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வீல் பள்ளத்துல இறங்கினா இன்னொண்ணும் சேந்து ஆடுது. மாட்டு வண்டி டெக்னாலஜி" என்றார்.

ஞாயிறுதோறும் வந்து அக்கா போட்ட டீயைக் குடிக்கும் கார் பைத்தியங்கள் அவரை உசுப்பேற்றிவிட்டார்கள். ஆக்ஸிலைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை வாங்கி வந்து, அடிச்சட்டத்தில் வெல்டிங் வைத்து மாட்டச் செய்தார்.

மகள் தன் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் மண்டபம் போக வேண்டும் என்று அத்தானுக்குப் பிடிவாதம்.

"மெயின் ரோட்டுல ஓட்டிப் பாத்தீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"காலனிக்குள்ள ஓட்டினேன், போதும். உனக்கு இதெல்லாம் புரியாது."

கல்யாணத்தன்று அக்கா முன்னாலேயே மண்டபம் போய்விட்டாள். அத்தான் ஓட்ட, மணப்பெண்ணும் தாய்மாமனான நானும் பின்னால் உட்கார்ந்தோம். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு வேகத்தடை. டமார் என்றது. வண்டியின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்தது. வெல்டிங் விட்டுப் போய், இடது சக்கரம் உள்பக்கம் சாய்ந்து கிடந்தது. பட்டு வேட்டியோடு அத்தான் காருக்கடியில் படுத்துவிட்டார்.

"ரெண்டே நிமிஷம்" என்றது குரல்.

"நக்கோ டாடி, வேண்டாம். ஆட்டோல போயிடலாம், வாங்க" என்றாள் அவள்.

"வண்டிய நடுரோட்ல விட்டுட்டா? நீங்க போங்க. டோயிங் வண்டி வந்ததும் பின்னாலயே வரேன்."

தாரை வார்க்க வேண்டிய மனிதர் பேசிய பேச்சு இது. அவள் அழவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மண்டபத்தில் புரோகிதர், "பொண்ணோட அப்பா எங்கே? முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்று கத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். அக்கா மணையைக் காட்டினாள். "நீ உக்காருடா" என்றாள். அத்தானின் இடத்தில் உட்கார்ந்தேன். மணப்பெண்ணின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தேன்.

பாயசம் பரிமாறும்போது அத்தான் வந்தார், வேட்டி முழுக்கக் கிரீஸ். மகளைத் தாண்டிப் போனார். நேராகச் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெல்டிங்காரன் சொதப்பிட்டான். மத்தபடி என் டிசைன்ல தப்பே இல்ல."

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார் அந்த நல்ல மனிதர்.

கார் இப்போது தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அத்தான் ஏர் சஸ்பென்ஷனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். அக்காவைப் பார்க்கப் போகும்போது, "ஷெட்டுக்கு வா, ஒண்ணு காட்டறேன்" என்பார். நான் செவிடனாகிவிடுகிறேன்.